மூலையில் முளைத்த கை

ஹரிணி, சஞ்சய், இந்த வாரம் எழுதுவது உங்க ரெண்டு பேருக்காகத்தான். பத்திரிகையில் வருகிறது என்பதால் மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

கோவிலம்பாக்கத்தில் லோகு மாமா தன்னுடைய புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்த அன்று, ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட்டை உதறி, நான் செய்து கொடுத்த டைனிங் டேபிள் மேல் விரித்தார். புது ஸ்கூல் பையைத் திறந்த மாதிரி ஒரு வாசனை ஹால் முழுக்க அடித்தது. அப்போ நீங்க ரெண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தீங்க.

"அப்பாவுக்குக் கோவம்மா" என்று ஹரிணி அம்மாவின் காதில் சொன்னாள். எனக்குக் கேட்டது. வருஷக்கணக்கில் கட்டிங் மெஷின் சத்தத்தில் கெட்டுப்போன காதுதான். ஆனால் என்னைப் பற்றி யாராவது பேசினால் மட்டும் நன்றாகக் கேட்கும்.

கோபம் வந்திருக்க வேண்டியதுதான். மாதக்கணக்கில் இழைத்து, தேய்த்து, எண்ணெய் போட்ட நிஜ வால்நட் மரம் அது. அதை மூட உங்க மாமா வாங்கி வந்த ஷீட்டில் அச்சடித்திருந்த டிசைன் என்ன தெரியுமா? வால்நட் மரம்.

"மேட்ச்சா வாங்கினேன் மாப்ள, எப்டி?" என்று வேறு பெருமையாகக் கேட்டார்.

ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஷீட் ஹால் பக்கத்து மூலையை மூடியதும் எனக்கு வந்தது பெரிய நிம்மதி. அந்த மூலையில் என்ன இருந்தது என்று அத்தனை கூட்டத்தில் எனக்கும் உங்க அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பேப்பர் ஒட்றவரு

என் வேலை உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேடவாக்கம், பெரும்பாக்கம், தாம்பரம் பக்கம் புதுசாகக் கட்டுகிற ஃபிளாட்டுகளில் கிச்சன் அலமாரி செய்து பொருத்துகிறவன் நான். பிளைவுட்டில் பெட்டி செய்து, அதன் மேல் லேமினேட் ஒட்ட வேண்டும். லேமினேட் என்றால் பேப்பரை அழுத்திச் செய்த பளபளப்பான தகடு. மேலே மரம் மாதிரி படம் அச்சடித்திருக்கும்.

பத்து வீட்டில் ஏழு வீட்டுக்காரர்கள் கேட்பது வால்நட் கலர்தான். "கொஞ்சம் டார்க்கா, ரிச்சா வேணும்" என்பார்கள். எத்தனை வீட்டில் வால்நட் ஒட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்தக் கண்ணுக்கு எத்தனை சாண் தள்ளி அதே கண்ணு திரும்ப வரும் என்று எனக்கு மனப்பாடம். கண்ணு என்றால் மரத்தில் கிளை முளைத்த இடத்தில் வட்டமாக இருக்குமே, அது.

ஆனால் நிஜ வால்நட் மரத்தை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. சஞ்சய் ஒருநாள் கேட்டான்: "மூளை மாதிரி இருக்குமே, அந்தக் கொட்டை காய்க்கிற மரமாப்பா?" ஆமாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் மொபைலில் பார்த்துச் சரிதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

உங்க மாமாவுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, திருகு, பசை, கதவுப் பிடி எல்லாம் விற்கிறவர். நானும் அங்கேதான் வாங்குவேன். வாங்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை கிண்டல் இலவசம். அதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. ஒரு பொங்கலுக்கு அவர் பழைய வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மட்டும் கொஞ்சம் எல்லை தாண்டிப்போனது. புதிதாக வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டார்.

"கார்பெண்டர்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் உங்க மாமா முந்திக்கொண்டார்.

"கார்பெண்டர்லாம் இல்லபா. பேப்பர் ஒட்றவரு. ஸ்கூல் புக்குக்கு அட்டை போடுவோம்ல, அத கிச்சனுக்குப் போடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயசம் நன்றாக இருந்தது, அதையும் குடித்தேன்.

திரும்பி வரும்போது கீழ்க்கட்டளை சிக்னலில் நிற்கிறோம். வண்டியில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த சஞ்சய் தலையைத் தூக்கி, "அப்பா, நீ நெஜமாவே கார்பெண்டரா?" என்று கேட்டான். பின்னால் இருந்து ஹரிணி அவனைக் கிள்ளினாள். அந்தச் சிக்னலில் பச்சை விழ அவ்வளவு நேரம் ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ஹெல்மெட்டை நேரா போடு" என்றேன். அதுதான் நான் சொன்ன பதில்.

அடுத்த மாதமே மாமா ஃபிளாட் வாங்கின சேதி வந்தது. என்ன சீர் செய்யலாம் என்று உங்க அம்மா செல்வி, தன் அண்ணன் முன்னாலேயே என்னைக் கேட்டாள். என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"டைனிங் டேபிள். என் கையால செஞ்சு தரேன். ஒரிஜினல் வால்நட்."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரிஜினல்னா இன்னா மாப்ள? ஒரிஜினல் பேப்பரா?"

போட்டோவா, ஆளா?

பல்லாவரம் ரேடியல் ரோடு பக்கம் வெளிநாட்டு மரம் விற்கிற டிப்போ ஒன்று இருந்தது. அங்கே மரம் எடுத்துக் காட்டுகிறவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நானும் பாய் என்றேன். பையிலிருந்து என் லேமினேட் மாதிரித் துண்டை எடுத்து நீட்டினேன்.

"இந்தக் கலர்ல வேணும் பாய்."

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இன்னாது?"

"வால்நட்."

"இது வால்நட்டோட போட்டோ. உனக்கு ஆளு வேணுமா, போட்டோ வேணுமா?"

உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சாம்பல் பூத்த மாதிரி ஒரு பழுப்பு. கல்யாண போட்டோவில் கோட்டு போட்டுப் பார்த்த ஆளை லுங்கியில் பார்த்த மாதிரி இருந்தது. வெட்டின முனைகளில் வெடிக்காமல் இருக்க மெழுகு பூசியிருந்தார்கள். சில பலகைகளில் ஓரத்தில் வெள்ளையாகப் பட்டை ஓடியது.

"இது வெளுத்துப் போயிருக்கே பாய்."

"வெளுக்கலபா. மரத்துக்கு உள்பக்கம் கருப்பு, தோல் பக்கம் வெள்ளை. அதுக்கு இன்னா பண்றது, பொறந்ததே அப்டிதான்."

குடிக்கிற தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு துணியை நனைத்து, பலகை மேல் ஒரு இழுப்பு இழுத்தார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். சாம்பல் போன இடத்தில் நல்ல ஃபில்டர் காபி டிகாக்ஷன் நிறம். அதற்குள் ஊதாவும் கொஞ்சம், சிவப்பும் கொஞ்சம், நடுவில் கருப்பாகக் கோடுகள் ஓடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறுபடியும் சாம்பலானது.

"எண்ணெய் போட்டன்னா ஈரத்துல பாத்தியே, அந்தக் கலர்லயே நிக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு நானே துணியை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பலகையாக நனைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தோடு பார்த்து, வளைந்ததைத் தள்ளி வைத்தேன். முனையில் வெடிப்பு ஓடினதைத் தள்ளி வைத்தேன். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். பிறகு டேப்பை இழுத்து ஒரு பலகையை அளக்க ஆரம்பித்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, திரும்ப அந்த முனையிலிருந்து இந்த முனை வரை.

"இன்னா தேடற?" என்றார் பாய்.

"கண்ணு எங்க திரும்பி வருதுன்னு பாக்கறேன்."

அவர் அப்படியே பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கு அந்த ஒரு கண்ணுதான்பா. திரும்பில்லாம் வராது."

விலையை நான் இங்கே எழுதமாட்டேன். இந்தப் பத்திரிகையை உங்க அம்மாவும் படிக்கிறாள்.

கட்டிலுக்கடியில் விருந்தாளி

வாங்கினதும் அறுக்கக் கூடாதாம். நம்ம ஊர்க் காற்றுக்கு மரம் பழகும் வரைக்கும் வீட்டிலேயே சும்மா படுக்க வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் டேபிள் செய்த பிறகு வளையும் என்று பாய் சொல்லி அனுப்பினார். பொழிச்சலூரில் நாம் இருக்கிற வீட்டில் விருந்தாளி படுக்கவே இடம் கிடையாது. மரத்தை நம்ம கட்டிலுக்கடியில் படுக்க வைத்தேன்.

"பழகறதுக்கு அது இன்னாங்க, புது மருமகளா?" என்றாள் உங்க அம்மா. "காபி கீபி குடுக்கணுமா?"

பலகைக்குப் பலகை சின்னக் குச்சி வைத்து இடைவெளி விட்டிருந்தேன், காற்று போக. ஒரு வாரம் கழித்துக் குனிந்து பார்த்தால் இடைவெளி பூராவும் சின்ன வெங்காயம்.

"செல்வி, இது காத்து போறதுக்கு விட்ட இடம்."

"வெங்காயத்துக்கும் காத்து வேணும்ங்க."

அவள் சொல்வதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. மரமும் வெங்காயமும் ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்றாகப் பழகின.

மழை விட்டதும் பலகைகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். முதல் பலகையில் இழைப்புளியை வைத்துத் தள்ளினேன். கரக் என்று ஒரு சத்தம். பார்த்தால் மரம் செதில் செதிலாகப் பிய்ந்திருந்தது. பிளைவுட்டுக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் அறுத்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கும். இது அப்படியில்லை. பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

பலகையைத் திருப்பிப் போட்டுத் தள்ளினேன். ஸ்ஸ் என்று ஒரே நீளத்துக்குச் சுருள் வந்து என் கால் மேல் விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தண்ணீர் டேங்க் தெரிகிறது. எனக்கு அப்போ யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அதற்குள் இருந்தவர்களுக்குக் காட்டினேன்.

விமானம் வரும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிடுவேன். இழைப்புளி ஒழுங்காகப் போகிறதா, கடிக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். ஏர்போர்ட்டை ஒட்டின நம்ம பொழிச்சலூரில் காதை நம்பி வேலை செய்தால் பாதி நேரம் சும்மாதான் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, இந்த ஆள் விமானம் வந்தால் மரியாதைக்கு எழுந்து நிற்கிறான் என்று தோன்றியிருக்கும்.

அந்த மரத்தூளுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் வறுத்த கொட்டை. தூள் பட்ட கைக்குட்டை ஊதாவும் பழுப்புமாக மாறிவிடும். துவைக்கிறபோது அதைப் பார்த்த உங்க அம்மா ஒருநாள், "ஊதுங்க" என்றாள். பாக்கு போடுகிறேனா என்று சந்தேகம். ஊதிக் காட்டிவிட்டுத்தான் அன்றைக்குச் சாப்பிட முடிந்தது.

கிரகப்பிரவேசத் தேதி நெருங்க நெருங்க, மாமா கடையில் நின்றால் ஒரே கேள்விதான். "இன்னா மாப்ள, பேப்பர் காஞ்சிச்சா?" நான் பசை டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தப் பசைதான் என்னைக் கவிழ்த்தது.

எண்ணெய் போட்ட அன்று

என்ன எண்ணெய் போடுவது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் இருந்தது. நல்லெண்ணெய்தான் குளிர்ச்சி என்று உங்க அம்மா சொன்னாள். வெட்டிப் போட்ட துண்டு ஒன்றில் அதையும் பூசிப் பார்த்தேன். ஒரு வாரம் ஆகியும் காயவில்லை. எறும்புகள் மட்டும் ஊர்வலமாக வந்து பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் பெயிண்ட் கடையில் மரத்துக்கென்றே விற்கிற, காய்ந்து இறுகுகிற எண்ணெயை வாங்கினேன். பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு மறுபடி. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. பயந்துபோய் எல்லாத் துணியையும் கொடியில் உங்க அம்மாவின் நைட்டிக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்தேன். அதற்கு வாங்கிய திட்டைத் தனி அத்தியாயமாக எழுத வேண்டும்.

முதல் பூச்சு போட்ட அன்று காலையில் நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தீங்க. டேபிளை வழவழவென்று தேய்த்து, கால் பொருத்தி, முழுசாக முடித்து மாடியில் நிறுத்தியிருந்தேன். உங்க அம்மா துணி காயப்போட வாளியோடு வந்தாள்.

நடுவில் எண்ணெயை ஊற்றித் துணியால் பரப்பினேன். பாய் தண்ணீரில் காட்டின நிறம் அப்படியே எழுந்து வந்தது. மழை விழுந்ததும் ரோடு கருப்பாகுமே, அந்த மாதிரி ஓடி ஓடிப் பரவியது. நான் துடைக்கத் துடைக்க, ஒவ்வொரு கோடும் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்கும்படி மேலே வந்தது.

கடைசி மூலைக்கு வந்தேன். அங்கே ஒரு இடம் மட்டும் கருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் போட்டேன். சுற்றிலும் கருத்தது. நடுவில் வெள்ளையாக ஒரு விரல் வந்தது. பக்கத்தில் இன்னொரு விரல். அப்புறம் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு முழுக் கை, டேபிளுக்குள்ளிருந்து யாரோ கை காட்டுகிற மாதிரி முளைத்து நின்றது.

உங்க அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "யாருங்க அது?" என்றாள் மெதுவாக.

யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மோதிர விரல் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. என் விரல்தான்.

நடந்தது இதுதான். கால்களைப் பசை போட்டுப் பொருத்தி, டேபிளை நிமிர்த்தி, ஆடுகிறதா என்று அந்த மூலையில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்திருக்கிறேன். கையில் பசை. லேமினேட்டில் பசை பட்டால் ஈரத்துணியில் ஒரு துடை, போய்விடும். அதனால் பசைக் கையைக் கழுவ வேண்டும் என்கிற பழக்கமே என் தொழிலில் எனக்கு வரவில்லை. நிஜ மரம் பசையைக் குடித்துவிடும். குடித்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருக்கும். எண்ணெய் போடுகிற அன்றைக்கு, அந்த இடத்தில் மட்டும் எண்ணெயை உள்ளே விடாது.

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கை வலிக்கிற வரைக்கும் தேய்த்ததில் சுண்டு விரல் போனது. மற்ற நாலும் உள்ளங்கையும் மங்கினதே தவிரப் போகவில்லை. இதற்கு மேல் தேய்த்தால் அந்த இடம் குழியாகிவிடும். ஒரு டம்ளர் வைத்தால்கூடச் சாயும்.

உங்க அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நாலு விரல் இன்னும் பயமா கீதுங்க. அஞ்சும் இருந்தாலாவது மனுஷன்னு தெரியும்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மரம் போச்சே என்பதால் இல்லை. மாமா இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று அவர் குரலிலேயே எனக்குக் கேட்டது. "பேப்பர்னா தொடச்சிருக்கலாம் மாப்ள." அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிற கூட்டத்தில் சஞ்சய் நிற்பான். கீழ்க்கட்டளை சிக்னலில் அவன் கேட்ட கேள்விக்கு அவனுக்குப் பதில் கிடைத்துவிடும்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. டேபிளுக்கு நாலு மூலை. ஹாலில் ஒரு மூலை எப்படியும் சுவரோரம்தானே போகும்?

ஃபிரிட்ஜ் கதவு

கிரகப்பிரவேசத்தன்று விடிகாலையிலேயே டேபிளைப் படியில் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏற்றினோம். லிஃப்ட்டில் நுழையவில்லை. நானே ஓடிப்போய்க் கை மூலையைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். சட்டைப் பையில் ஒரு துண்டு உப்புத்தாளும் மடித்து வைத்திருந்தேன். யாரும் இல்லாதபோது இன்னும் ரெண்டு தேய்ப்புத் தேய்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

பால் பொங்கியது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அப்போது மாமாவின் வீட்டுக்காரி, உங்க கலா அத்தை, பால் பாத்திரத்தை உள்ளே வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவு டேபிள் மேல் இடித்துப் பாதியில் நின்றது.

"அண்ணா, டேபிளை அப்டியே அரை சுத்து சுத்தி, அந்தாண்ட போடுங்கண்ணா" என்றார் அத்தை என்னிடம்.

"வேணாம்மா, இதான் வாஸ்து" என்றேன். எனக்கு வாஸ்து பற்றி ஒன்றும் தெரியாது.

"ஃபிரிட்ஜ் தொறக்கறதுதான் மாப்ள முதல் வாஸ்து" என்று மாமா நாலு பேரைக் கூப்பிட்டார். அரைச் சுற்று சுற்றி வைத்தார்கள். சுவரோரம் இருந்த மூலை நடு ஹாலுக்கு வந்தது, வாசலைப் பார்த்துக்கொண்டு. வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி.

நான் பாய்ந்து போய் அந்த மூலையில் என் கையை ஊன்றி நின்றுகொண்டேன். கை மேல் கை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காபி வந்தது, இடது கையால் வாங்கினேன். பெரியவர் ஒருவர் கை கொடுக்க வந்தார், தலையை மட்டும் ஆட்டினேன்.

"இன்னா மாப்ள, டேபிள் ஓடிடுமா?" என்றார் மாமா.

அப்புறம்தான் அவர் உள்ளே போய் அந்த ஷீட்டைக் கொண்டு வந்தார். நல்ல பொருள் வீணாகக் கூடாது என்பது அவருடைய கட்சி. டிவி ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார், நீங்க பார்த்திருக்கீங்க. ஷீட்டை என் கை மேலேயே விரித்து, நான் கையை உருவிக்கொண்டதும் நாலு மூலையையும் கண்ணாடி டேப்பால் ஒட்டினார். என் வாழ்க்கையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை அவ்வளவு அன்பாக நான் பார்த்ததில்லை. ஹரிணி அம்மாவின் காதில், "அப்பாவுக்குக் கோவம்மா" என்று சொன்னது அப்போதுதான்.

அதற்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் மற்றப் பிள்ளைகளோடு லிஃப்ட்டில் மேலேயும் கீழேயும் போக ஓடிவிட்டீங்க. அதனால் இதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"எதுலயாவது கை வந்துகீதா?"

அந்த ஃபிளாட் அசோசியேஷன் செக்ரெட்டரி வந்தார். ரிட்டயர்ட் ஆனவர், நல்ல மாதிரியான சார். டேபிளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"லேமினேட் நல்லா செலக்ட் பண்ணியிருக்கீங்க. எங்க வாங்கினீங்க?"

மாமாவின் முகம் மாறியது. "லேமினேட்டா? சார், இது ஒரிஜினல் வால்நட். எங்க மாப்ள செஞ்சாரு."

"அப்படியா? பார்த்தா பிரிண்ட் மாதிரி இருக்கே."

"அது மேல போட்டுகீற ஷீட்டு சார். மரம் கீழ கீது."

"அப்ப காட்டுங்களேன், பார்ப்போம்."

மாமா குனிந்தார். நாலு மூலை இருக்கிறது. மூன்று நல்ல மூலை. அவர் கைக்கு எட்டினது ஹால் பக்கத்து மூலைதான். டேப்பின் முனை எங்கே என்று தெரியாமல் நகத்தால் நோண்டினார். நோண்டி, பிய்த்து, ஷீட்டைத் தூக்கினார்.



"மரம்தான்" என்றார் செக்ரெட்டரி. பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இது என்ன, கறை? யாரோ கை வச்ச மாதிரி இருக்கு?"

மாமா பார்த்தார். அவரும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். அவர் கடையில் பசை விற்கிறவர். எந்தக் கறை எதனால் வரும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சிரிப்புக்குத் தயாராக என் முகத்தையும் வைத்துக்கொண்டேன்.

"கறையா?" என்றார் மாமா சத்தமாக. "சார், அது கை. எங்க மாப்ள கை. நீங்க எவ்ளோ லேமினேட் பாத்திருப்பீங்க, எதுலயாவது இந்த மாதிரி கை வந்துகீதா?"

செக்ரெட்டரி கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "இல்ல. வந்ததில்ல."

"பேப்பர்ல வராது சார். மெஷின்ல செஞ்சாலும் வராது. கையால செஞ்சாதான் கை வரும்."

"கரெக்ட்" என்றார் செக்ரெட்டரி.

எது கரெக்ட் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அது அந்த ஹாலில் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் மாமா மூலைக்குக் கூட்டிப்போனார். நகத்தால் நோண்டினார், ஷீட்டைத் தூக்கினார், காட்டினார், மூடினார். எதிர் ஃபிளாட் அம்மா, "எதுக்கு நாலு விரல்தான் இருக்கு?" என்று கேட்டதற்கு, "சுண்டு விரல்ல மோதிரம் போட்டிருந்தாரு, மரத்துல கீறல் வுழப் போதுன்னு தூக்கிக்கினாரு" என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நான் பிறந்ததிலிருந்து மோதிரம் போட்டதில்லை. வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இப்படித்தான் கை வைத்துக் கொடுப்பார்கள் என்று இன்னொருவரிடம் சொன்னார். வயதான ஒரு அம்மா பயபக்தியோடு அந்தக் கைக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். உங்க அம்மா ஓடிவந்து முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினதில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர்.

பந்தியில் நான் உட்கார்ந்திருந்தபோது மாமா பரிமாறிக்கொண்டே வந்தார். என் இலைக்கு வந்ததும் குனிந்து, என் காதில் மட்டும் சொன்னார்.

"பசைக் கையக் கழுவ மாட்டியா மாப்ள? என் கடை பசைதானே அது?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

அவர் நிமிர்ந்து, வடை வாளியோடு அந்தப் பக்கம் போன ஆளைப் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "யோவ், இங்க வா. நம்ம கார்பெண்டருக்கு இன்னொரு வடை போடு."

சஞ்சய், நீ அப்போ லிஃப்ட்டில் இருந்தாய்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் போட்டோ எடுக்க மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்கள். செருப்பைத் தேடுகிற சாக்கில் நான் பின்தங்கினேன். ஹாலில் ஆள் இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் உப்புத்தாள் அப்படியே இருந்தது.

மூலைக்குப் போனேன். காலையிலிருந்து மாமா நோண்டி நோண்டி டேப் கிழிந்து, தூசி ஒட்டி, நகக் கீறலாக இருந்தது. அதைப் பிய்த்துப் போட்டேன். ஷீட்டைத் தூக்கி ஒரு தடவை பார்த்தேன். உப்புத்தாளைத் தொடாமல் மூடினேன். ஜன்னல் திட்டில் மாமா விட்டுவைத்த டேப் சுருளை எடுத்துப் புதிதாக ஒரு துண்டு கிழித்து ஒட்டினேன். எங்கள் வேலையில் டேப்பின் கடைசி முனையை அப்படியே ஒட்டிவிடமாட்டோம், கொஞ்சம் மடித்துவிடுவோம். அதே மாதிரி முனையை உள்பக்கமாக மடித்து, விரலால் பிடித்துத் தூக்குகிற அளவுக்கு ஒரு சின்னக் காது வைத்தேன். இழுத்துப் பார்த்தேன். சுலபமாக வந்தது. மறுபடி ஒட்டிவிட்டு, மாடிக்குப் போனேன்.